பச்சை மலை நாட்டுப் புகையிரதம்



ஐக்கிய அமெரிக்காவின் புகையிரத வரலாற்றை எடுத்துரைக்கும் நூல்கள் பெரும்பாலும் ஒரு காட்சியையே முதன்மையாகக் காட்டுகின்றன. 1869ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், யூட்டாப் பகுதியின் வறண்ட நிலத்திலே, கிழக்கிலிருந்து வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து வந்த தண்டவாளமும் ஒன்றாகப் பொருந்திய காட்சி அது. ஒரு கண்டத்தையே இரும்பினால் கட்டிய அச்செயல் பெருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு நாட்டின் உடலுக்கு நெடுஞ்சாலைகள் மட்டும் போதுமோ? பெருங்குழாய்கள் இரத்தத்தைக் கொண்டு செல்லலாம். விரல் நுனிக்கு அதனை எடுத்துச் செல்வன சிறு நாளங்களே. அமெரிக்க நாட்டில் அத்தகைய சிறு நாளங்களாக நூற்றுக்கணக்கான பிரதேசப் புகையிரதப் பாதைகள் இருந்தன. ஒன்று ஒரு பள்ளத்தாக்கின் பாலைச் சுமந்தது. மற்றொன்று ஒரு மலையின் கல்லைச் சுமந்தது. வேறொன்று ஒரு காட்டின் மரத்தைச் சுமந்தது. அவற்றின் பெயர்கள் உலக வரலாற்றில் இடம்பெறவில்லை. ஆனால், அவை சென்ற வழியிலிருந்த ஊர்களின் பிறப்பும் வளர்ச்சியும் தேய்வும் அவற்றோடு பின்னிக் கிடந்தன.

அவற்றுள் ஒன்றின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அதன் பெயர் ரட்லண்ட் புகையிரதப் பாதை. அது ஓடிய நாடு, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள வேர்மொன்ட் மாநிலம்.

வேர்மொன்ட் என்னும் பெயர் பச்சை மலை எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தது. பெயருக்கு ஏற்ப, வடக்குத் தெற்காக ஒரு மலைத்தொடர் அந்நாட்டின் முதுகெலும்புபோல நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கு எல்லையிலே கனெக்டிகட் ஆறு. மேற்கு எல்லையிலே சம்பிளெயின் என்னும் நீண்ட ஏரி. நியூ இங்கிலாந்து என வழங்கும் ஆறு மாநிலங்களுள் கடற்கரை இல்லாதது இது ஒன்றே. 1777 முதல் 1791 வரை தனிக் குடியரசாகத் தன்னைத்தானே ஆண்டு, பின்னரே பதினான்காவது மாநிலமாக ஐக்கிய நாடுகளோடு இணைந்தது. ஆகவே அங்குள்ள மக்கள் தம் ஊரையும் தம் ஊரவையையும் பெரிதாக மதிக்கும் இயல்பினர். இவ்வியல்பை நேயர்கள் மனத்திலிருத்திக் கொள்ளுதல் வேண்டும். இவ்வரலாற்றின் முடிவில் அது பயன்படும்.

புகையிரதம் வருமுன் அந்நாட்டார் எவ்வாறு வாழ்ந்தனர்? மலைச் சரிவுகளில் ஆடு வளர்த்தனர். 1840ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 2 இலட்சத்து 90 ஆயிரம். ஆடுகளின் தொகையோ 16 இலட்சத்துக்கும் மேல். ஓர் ஆளுக்கு ஐந்து ஆடுகளுக்கு மேல் என்று சொல்லலாம். அவற்றின் கம்பளி மயிரே நாட்டின் செல்வம். ஆனால், அச்செல்வத்தைச் சந்தைக்குக் கொண்டு செல்வது எளிதன்று. இளவேனிற் காலத்தில் வழியெல்லாம் சேறு, மாரியில் உறைபனி. பனி இறுகிய காலத்திற் சறுக்கு வண்டிகளில் ஏற்றிச் செல்வதே பலருக்கு வாய்ப்பாக இருந்தது. 1823ஆம் ஆண்டில் சம்பிளெயின் ஏரியையும் ஹட்சன் ஆற்றையும் இணைக்கும் கால்வாய் திறக்கப்பட்டபோது, மேற்கு வேர்மொன்டின் வணிகம் முழுவதும் தெற்கே நியூயோர்க்கை நோக்கித் திரும்பியது. பொஸ்டன் நகர வணிகர் இதனைப் பொறுப்பரோ? மலைகளைக் கடந்து ஏரிக்கரைவரை இருப்புப்பாதை போட்டால் இழந்த வணிகத்தை மீட்கலாம் என அவர்கள் எண்ணினர். இவ்விரு துறைமுக நகரங்களின் போட்டியே அம்மலைநாட்டுக்குப் புகையிரதம் வந்தமைக்கு முதற்காரணம்.

1843ஆம் ஆண்டில் வேர்மொன்ட் சட்டசபை இரண்டு கம்பனிகளுக்கு உரிமைப்பத்திரம் வழங்கியது. ஒன்று வேர்மொன்ட் சென்ட்ரல் கம்பனி. அதன் தலைவர் முன்னாள் ஆளுநர் சார்ள்ஸ் பெயின். மற்றையது, பின்னாளில் ரட்லண்ட் எனப் பெயர்பெற்ற கம்பனி. அதனை நடத்தியவர் பேர்லிங்டன் நகர வணிகர் திமோதி பொலெற். இரண்டும் சென்று சேரவேண்டிய இடம் ஒன்றே: ஏரிக்கரையிலுள்ள பேர்லிங்டன். இரண்டும் புறப்பட்ட இடமும் கனெக்டிகட் ஆற்றங்கரையே. வழி மட்டும் வேறு. பெயின் தம் சொந்த ஊராகிய நோர்த்பீல்ட் வழியாகப் பாதையைக் கொண்டு சென்றார். மாநிலத் தலைநகராகிய மொன்பீலியர் பிரதான பாதையினின்றும் ஒதுங்கி நின்றது. ஒருவருடைய சொந்த ஊர்ப்பற்று ஒரு தலைநகரையே ஒதுக்கிவைக்கக் கூடிய காலம் அது. பொலெற்றின் பாதையோ, பெலோஸ் போல்ஸ் என்னும் ஆற்றங்கரை ஊரிலே தொடங்கி, மவுண்ட் ஹொலி என்னும் உயர்ந்த கணவாயைத் தாண்டி, ரட்லண்ட் ஊருக்கு இறங்கி, அங்கிருந்து வடக்கே ஏரியை நோக்கிச் சென்றது.

மலையை வெட்டியவர்கள் யார்? பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள். உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் தலைவிரித்தாடிய நாட்டைவிட்டுக் கப்பலேறிய அம்மக்கள், மண்வெட்டியும் வெடிமருந்துமே துணையாகப் பாறைகளைப் பிளந்தனர். அவர்களுடைய பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஆனால், அப்பாதையில் வேலைசெய்த ஒருவருடைய பெயரை உலகெங்குமுள்ள மருத்துவ மாணவர் இன்றும் அறிவர். அவர் பினியஸ் கேஜ் என்னும் இருபத்தைந்து வயது மேற்பார்வையாளர்.

1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 13ஆம் நாள், கவென்டிஷ் என்னும் ஊருக்கு அண்மையிலே, பாறையில் துளைத்த குழியுள் வெடிமருந்தை இட்டு இரும்புக்கோலால் இடித்துக்கொண்டிருந்தார் கேஜ். பொறி பறந்தது; மருந்து வெடித்தது. மூன்றரை அடிக்கு மேல் நீளமும் 13 இறாத்தலுக்கு மேல் எடையுமுள்ள அக்கோல், அவருடைய இடக்கன்னத்தின் வழியே நுழைந்து, மூளையின் முன்பகுதியை ஊடுருவி, தலையோட்டின் உச்சியால் வெளியேறித் தொலைவிலே வீழ்ந்தது. அவர் இறக்கவில்லை. மாட்டு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தம் விடுதிக்குச் சென்றார். அவருக்குச் சிகிச்சை செய்தவர் ஜோன் ஹார்லோ என்னும் ஊர் வைத்தியர். உடல் தேறிய பின்னர் கேஜின் குணத்திலே மாறுதல் காணப்பட்டதாகவும், பழைய நண்பர்கள் அவரை வேறு மனிதராகக் கண்டனர் என்றும் அவ்வைத்தியர் பின்னர் எழுதிவைத்தார். மூளைக்கும் குணத்துக்குமுள்ள தொடர்பை ஆராய்வோர் இன்றுவரை எடுத்துப் பேசும் சான்று இது. ஒரு சிற்றூர்ப் பாதையின் பாறை வெட்டு வேலை மனித அறிவுக்கு எதிர்பாராத ஒரு கதவைத் திறந்துவிட்டது. ஆனால், அதற்கு விலை கொடுத்தவர் ஒரு தொழிலாளி. கேஜ் 1860ஆம் ஆண்டிலே காலமானார்.

1849ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே இரு பாதைகளும் சில நாள் இடைவெளியிற் பேர்லிங்டனை அடைந்தன. சிறிய நாடு, மக்கள் குறைவு, பாதைகளோ இரண்டு. போதிய வருவாய் இன்றி இரு கம்பனிகளும் கடனில் அமிழ்ந்தன. அதற்குமேல் ஒன்றையொன்று கெடுக்கவும் முனைந்தன. ரட்லண்ட் கம்பனி நொடித்து, 1867இற் புதிய அமைப்புப் பெற்றது. 1871இல் தன் பகைவனாகிய சென்ட்ரல் கம்பனிக்கே குத்தகையாகப் போய், கால் நூற்றாண்டு கழித்து, 1896இல் அக்கம்பனி நொடித்தபோது மீண்டும் தனித்து நின்றது.

நேயர்களே, கம்பனிகளின் கணக்குப் புத்தகம் இவ்வாறிருக்க, ஊர்களின் கணக்கு வேறாக இருந்தது. அதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலாவது, புகையிரதம் அந்நாட்டின் தொழிலையே மாற்றிவிட்டது. எந்தப் பாதை வேர்மொன்டின் கம்பளியைப் பொஸ்டனுக்குக் கொண்டு சென்றதோ, அதே போன்ற பாதைகள் மேற்கு நாட்டின் மலிவான கம்பளியையும் அங்கே கொண்டுவந்து குவித்தன. அகன்ற புல்வெளிகளில் வளர்ந்த ஆடுகளோடு மலைச்சரிவு ஆடுகள் போட்டியிட முடியவில்லை. ஆட்டுமந்தைகள் குறைந்தன. அவற்றின் இடத்தைக் கறவை மாடுகள் பிடித்தன. ஏனெனில், கம்பளியைத் தொலைவிலிருந்து கொண்டுவரலாம். பாலைக் கொண்டுவர முடியாது. பால் கெடுமுன் நகரை அடைதல் வேண்டும். அண்மையிலுள்ளவனுக்கே அதில் வாய்ப்பு.

முதலில் வெண்ணெயும் பாற்கட்டியும் சென்றன. இங்கே ஒரு சிறப்பைக் குறிப்பிடல் வேண்டும். பின்னாளில் ரட்லண்ட் பாதையோடு சேர்ந்த நியூயோர்க் மாநிலத்து வட பாதையிலேதான், 1851ஆம் ஆண்டில், ஒக்டன்ஸ்பேர்க் என்னும் ஊரிலிருந்து பொஸ்டனுக்குப் பனிக்கட்டி இட்டுக் குளிரூட்டிய பெட்டியில் வெண்ணெய் அனுப்பப்பட்டது. உலகமெங்கும் இறைச்சியையும் மீனையும் கனிகளையும் கெடாமற் கொண்டு செல்லும் குளிர்ப்பெட்டிகளுக்கு முன்னோடிகளுள் ஒன்று அவ்வெண்ணெய்ப் பெட்டி.

பின்னர்ப் பாலே செல்லத் தொடங்கியது. கமக்காரர் அதிகாலையிற் கறந்த பாலை உயர்ந்த தகரக் குடங்களில் நிரப்பிக் குதிரை வண்டியில் ஏற்றிப் புகையிரத நிலையத்துக்குக் கொண்டுவருவர். நிலையத்தின் அருகிலே பாற்பண்டசாலை இருக்கும். மாரிக் காலத்திற் குளங்களில் உறைந்த பனியைக் கட்டிகளாக அறுத்து, மரத்தூளிற் புதைத்து வைத்திருப்பர்; கோடையிலும் அது கரையாது. அப்பனிக்கட்டியால் குளிர்வித்த பால், மாலையிற் புறப்பட்டு, விடிவதற்குள் நியூயோர்க் நகரையோ பொஸ்டன் நகரையோ அடையும். மலைநாட்டுக் கமக்காரன் மாரியிலும் கோடையிலும் கையிற் காசு கண்டது இப்பால் வண்டியினாலேதான். வண்டி வரும் நேரமே கறவையின் நேரத்தையும், வீட்டுச் சமையலின் நேரத்தையும் வகுத்தது என்றாற் பொருந்தும்.

இரண்டாவது, பளிங்கு. ரட்லண்டைச் சுற்றியுள்ள நிலத்தினடியிலே உயர்ந்த சலவைக்கல் படிந்து கிடந்தது. புகையிரதம் வருமுன் அதனை மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கால்வாய்க் கரைக்கு இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. கல்லின் விலையைவிட வழிச்செலவு பெரிதாயிற்று. தண்டவாளம் வந்தபின் அத்தடை நீங்கியது. ரெட்பீல்ட் புரொக்டர் என்பவர் பல சுரங்கங்களை ஒன்றுசேர்த்து 1880இல் வேர்மொன்ட் பளிங்குக் கம்பனியை நிறுவினார்; அவரே மாநில ஆளுநராகவும், அமெரிக்கப் போர் அமைச்சராகவும், மூதவை உறுப்பினராகவும் விளங்கினார். அவர் பெயராலேயே ஓர் ஊர் 1886இல் ரட்லண்டிலிருந்து பிரிந்து தனியூராயிற்று. இத்தாலியிலிருந்து கற்சிற்பிகள் வந்தனர். சுவீடன், போலந்து முதலிய நாடுகளிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். வாஷிங்டன் நகரிலே அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் வெளிச்சுவர்களும், தோமஸ் ஜெபர்சனின் நினைவு மண்டபத்தின் தூண்களும் வேர்மொன்ட் பளிங்காலாயவை. நாட்டுக்கு நீதி வழங்கும் மண்டபத்தின் வெண்மை இம்மலைநாட்டிலிருந்து சென்றது என்பதில் அவ்வூரார் பெருமை கொள்வதில் வியப்பில்லை.

மூன்றாவது விளைவு மகிழ்ச்சிக்குரியதன்று. வரும் வழி எதுவோ அதுவே போகும் வழியும் ஆகும். மேற்கே வளமான நிலம் மலிவாகக் கிடைத்தது. தெற்கே ஆலைகளில் வேலை கிடைத்தது. இளைஞர் புகையிரதமேறிச் சென்றனர். 1850இல் 3 இலட்சத்து 14 ஆயிரமாக இருந்த மக்கள் தொகை, 1900இல் 3 இலட்சத்து 43 ஆயிரமாக மட்டுமே உயர்ந்தது. அதே அரை நூற்றாண்டில் அமெரிக்காவின் மக்கள் தொகை மூன்று மடங்குக்கு மேலாயிற்று. மலையுச்சியிலிருந்த பழைய ஊர்கள் வெறுமையாகின; கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலங்களில் காடு மீண்டும் வளர்ந்தது. பள்ளத்தாக்கிலே நிலையத்தை அடுத்திருந்த ஊர்கள் தழைத்தன. போக்குவரத்து வசதி ஓர் ஊருக்கு வாழ்வு தரும்போது வேறோர் ஊரின் வாழ்வைப் பறிக்கவும் கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரட்லண்ட் பாதை தன் உச்சநிலையை அடைந்தது. பேர்சிவல் கிளெமென்ட் என்னும் ரட்லண்ட் நகரப் பிரமுகர் தலைவராக இருந்த காலத்திலே, தெற்கே பென்னிங்டன் பாதை வாங்கப்பட்டது. வடமேற்கே ஒக்டன்ஸ்பேர்க் பாதை வாங்கப்பட்டது. இவற்றை இணைப்பதற்காகச் சம்பிளெயின் ஏரியின் நடுவே தீவுக்குத் தீவு தாவிச் செல்லும் ஒரு பாதை 1899 முதல் 1901 வரை அமைக்கப்பட்டது. பெரும் பளிங்குப் பாறைகளை ஏரியிலே கொட்டி அணைகட்டி, அதன்மேல் தண்டவாளம் இட்டனர். இருபுறமும் நீர் பரந்து கிடக்க, நடுவே புகையிரதம் செல்லும் காட்சி கண்கொள்ளாததாக இருந்திருக்கும். தீவுகளில் விளைந்த அப்பிள் கனிகளுக்கும் இப்பாதையினால் நகரச் சந்தை கிட்டியது. ஏறத்தாழ 400 மைல் நீளமான இவ்வமைப்பு, பெரிய ஏரிகளிலே சிக்காகோவரை கப்பல்களையும் ஓட்டியது.

ஆனால், உச்சியை அடைந்தவனுக்கு அடுத்த அடி கீழ்நோக்கியதே. கம்பனியின் ஆதிக்கம் உள்ளூரார் கையிலிருந்து நியூயோர்க் சென்ட்ரல் என்னும் பெருங்கம்பனியின் கைக்கு மாறியது. 1912ஆம் ஆண்டின் பனாமாக் கால்வாய்ச் சட்டம், புகையிரதக் கம்பனிகள் தம் பாதையோடு போட்டியிடும் கப்பல்களை வைத்திருத்தலைத் தடுத்தது. பெருங்கம்பனிகளின் ஏகபோகத்தை ஒடுக்க எழுந்த நற்சட்டந்தான் அது. ஆயினும், அதன் விளைவாக ரட்லண்டின் ஏரிக் கப்பல்களும் 1915இல் நின்றன. அவற்றால் வந்த தானியச் சரக்கும் போயிற்று. பெரியவருக்கு இட்ட தடை சிறியவரின் காலையும் கட்டிவிட்டது.

1927ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம், 4ஆம் நாள்களிலே வேர்மொன்ட் தன் வரலாற்றிற் காணாத பெருவெள்ளத்தைக் கண்டது. 84 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் மாநிலத் துணை ஆளுநர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. ரட்லண்ட் பாதை பல இடங்களிலே கரைந்து, தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கின. அரும்பாடுபட்டுப் பாதையைச் சீர்செய்தனர். ஆனால், வெள்ளத்தின்பின் அரசு கட்டிய புதிய வீதிகளிலே லொறிகள் ஓடத் தொடங்கின. லொறி கமக்காரனின் வாயிலுக்கே வந்து பாலை ஏற்றியது. வெள்ளம் ஒரு முறை அரித்ததை லொறி நாள்தோறும் அரித்தது.

1938இல் கம்பனி நொடித்து, நீதிமன்றத்தின் பொறுப்பாளர் கைக்குச் சென்றது. பாதையை மூடிவிடுவர் என்னும் அச்சம் எழுந்தது. அப்பொழுது நடந்ததுதான் இவ்வரலாற்றிலே மனத்தைத் தொடும் பகுதி. ஊழியர்கள் தம் சம்பளத்திற் குறைப்பை ஏற்றுக்கொண்டனர். பாதையோர மக்கள் அதனைக் காப்பாற்றச் சங்கம் கூட்டினர். சரக்குகளை இப்பாதையாலேயே அனுப்புமாறு வணிகரை வேண்டினர். பாதை பிழைத்தது. இரண்டாம் உலகப் போரும் அதற்குச் சிறிது காலம் வேலை கொடுத்தது. 1946இல் நான்கு புதிய நீராவி இயந்திரங்கள் வாங்கப்பட்டன. அவையே அக்கம்பனி வாங்கிய கடைசி நீராவி இயந்திரங்கள். சில ஆண்டுகளுள் டீசல் இயந்திரங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

1950இல் கம்பனி மீண்டும் புத்தமைப்புப் பெற்றது. புதிய நிருவாகத்தார் கணக்கைக் கையிலெடுத்தனர். 1953இல் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. அதன்போது நின்ற பயணிகள் வண்டிகள் பின்னர் ஓடவேயில்லை. நியூயோர்க்கிலிருந்தும் பொஸ்டனிலிருந்தும் கனடாவின் மொன்றியலுக்குச் சென்ற பகல் வண்டியும் இரவு வண்டியும் மறைந்தன. அதே ஆண்டில், பென்னிங்டனிலிருந்து தெற்கே வளைந்து வளைந்து சென்றமையால் திருகாணிப் பாதை எனப் பெயர்பெற்ற கிளையும் கைவிடப்பட்டது.

இறுதி மோதல் 1960இல் வந்தது. செலவைக் குறைப்பதற்காக வண்டிகளின் ஓட்டமுறையை மாற்றவும், ஊழியர் புறப்படும் தலைமை நிலையங்களை மாற்றவும் நிருவாகம் விரும்பியது. ஊழியர் மறுத்தனர். இதனை வெறும் பிடிவாதம் என ஒதுக்கிவிடலாகாது. தலைமை நிலையம் மாறினால் ரட்லண்ட் முதலிய ஊர்களிலே வீடு கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கோயிலிலும் ஊரவையிலும் இடம்பெற்று வாழ்ந்த குடும்பங்கள் வேரோடு பெயர வேண்டியிருந்தது. 1938இற் பாதைக்காகத் தம் சம்பளத்தையே விட்டுக்கொடுத்தவர்கள், இப்பொழுது தம் ஊரை விட்டுக்கொடுக்க மறுத்தனர். மறுபுறம், நிருவாகத்தின் கணக்கும் பொய்யன்று. வருவாய் குறைந்துகொண்டே சென்றது. இரு பக்கமும் நியாயம் இருந்தும் இணக்கம் காண முடியாமற் போனமைதான் துயரம். 1960இல் தொடங்கிய வேலைநிறுத்தம் நீதிமன்றத் தலையீட்டால் இடையில் நின்று, 1961 செப்டெம்பர் 25ஆம் நாள் மீண்டும் எழுந்தது. அன்றுமுதல் ரட்லண்ட் கம்பனியின் வண்டி ஓடவில்லை. பாதை முழுவதையும் கைவிட அனுமதி கேட்டது நிருவாகம். கூட்டாட்சி வணிக ஆணைக்குழு 1962இல் அனுமதித்தது. 1963ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது.

ஒரு கம்பனியின் வரலாறு இங்கே முடிகின்றது. ஆனால், ஊர்களின் வரலாறு முடியவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றால் பங்குக்காரருக்குப் பணம் கிடைக்கும். அதன்பின் பளிங்குச் சுரங்கங்களும், கால்நடைத் தீவனம் அரைக்கும் ஆலைகளும், எண்ணெய்க் கிடங்குகளும் என்ன செய்யும்? மேற்கு வேர்மொன்டின் ஊர்கள் குரல் எழுப்பின. அக்காலத்தில் ஆளுநரானவர் பிலிப் ஹொவ். அவர் காலத்திலே மாநில அரசு துணிந்து ஒரு முடிவெடுத்தது: முக்கியமான பாதைப் பகுதிகளைத் தானே விலைக்கு வாங்கி, அவற்றில் வண்டி ஓட்டும் உரிமையைத் தனியாருக்குக் குத்தகையாகக் கொடுத்தது. 1964ஆம் ஆண்டு சனவரியில் வேர்மொன்ட் ரெயில்வே என்னும் சிறிய கம்பனி பேர்லிங்டனிலிருந்து பென்னிங்டன் நோக்கிச் செல்லும் பாதையில் வேலை தொடங்கியது. 1965இல் பெலோஸ் போல்ஸ் பக்கத்துப் பாதையில் கிறீன் மவுண்டன் கம்பனி தொடங்கியது. கைவிடப்பட்ட பாதையைப் பொதுமக்கள் சொத்தாக்கி, ஓட்டத்தை மட்டும் தனியார் பொறுப்பில் விடும் இம்முறைக்கு வேர்மொன்ட் முன்னோடிகளுள் ஒன்றாயிற்று. வீதி பொதுவுடைமையாகவும், அதில் ஓடும் வண்டி தனியுடைமையாகவும் இருத்தல்போன்றதே இது.

எல்லாம் பிழைத்தன என்று எண்ணவேண்டா. ஏரித் தீவுகளின் பாதை பெயர்க்கப்பட்டது. நியூயோர்க் மாநிலத்து வட பாதையின் பெரும்பகுதியும் மறைந்தது. ரட்லண்ட் நகரின் நடுவிலே, வண்டிகள் நின்ற பரந்த முற்றத்தில், கடைத்தொகுதி எழுந்தது. ஏரியிலிட்ட பளிங்கு அணைமேல் இன்று சைக்கிளோட்டிகளும் நடைப்பயணிகளும் உலாவுகின்றனர். 

ஆனால், காப்பாற்றப்பட்ட பகுதியோ தன் பயனைக் காட்டியது. 2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஐரீன் புயல் கொணர்ந்த வெள்ளம் மீண்டும் வேர்மொன்டைச் சூழ்ந்தது. பாலங்கள் மீண்டும் போயின. இம்முறையும் பாதையைச் சீர்செய்து வண்டிகளை ஓடவிட்டனர். 1996இல் நியூயோர்க்கிலிருந்து ரட்லண்ட் நகருக்குப் பயணிகள் வண்டி வந்தது. 2022ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள், அவ்வண்டி பழைய ரட்லண்ட் பாதையின் வழியே வடக்கே மிடில்பரியைக் கடந்து பேர்லிங்டன் வரை நீண்டது. அறுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், பயணிகள் வண்டியின் ஒலி அந்நிலையங்களிலே மீண்டும் கேட்டது. 1963இல் அத்தண்டவாளம் பழைய இரும்பாக விலைபோயிருப்பின், 2022இல் அவ்வண்டி எந்த வழியால் வந்திருக்கும்? இழந்த பாதையை மீண்டும் அமைக்க வேண்டுமாயின் நிலத்தை வாங்கவும், பாலங்களைக் கட்டவும், பாறையை மீண்டும் வெட்டவும் வேண்டும். அது சிறிய மாநிலம் ஒன்றின் சக்திக்கு அப்பாற்பட்டதாக இருந்திருக்கும்.

நேயர்களே, இவ்வரலாறு நமக்கு எதனை உணர்த்துகின்றது? பாதை ஒன்றுக்கு இரு கணக்குகள் உண்டு. ஒன்று, பயணச்சீட்டும் சரக்குக் கூலியும் சேர்ந்த கணக்கு. அது கம்பனியின் புத்தகத்தில் இருக்கும். மற்றொன்று, அதனால் எத்தனை பண்ணைகள் நிலைத்தன, எத்தனை ஆலைகள் எழுந்தன, எத்தனை குடும்பங்கள் தம் ஊரிலேயே வாழ முடிந்தது என்னும் கணக்கு. அதனை எந்தப் புத்தகத்திலும் எளிதில் எழுதிவிட முடியாது. முதற்கணக்கில் ரட்லண்ட் பாதை ஏறத்தாழ எப்பொழுதும் நட்டத்தை நோக்கியே நடந்தது. திரும்பத் திரும்ப நொடித்தது. இரண்டாவது கணக்கில் அது ஒரு மலைநாட்டின் வாழ்வையே தாங்கியது. அரசும் மக்களும் இரண்டாவது கணக்கையும் எண்ணிப் பார்த்தமையால், ஒரு பகுதியேனும் எஞ்சியது.

இதிலிருந்து எல்லாப் பாதைகளையும் எவ்வளவு நட்டம் வந்தாலும் காக்க வேண்டும் என்னும் விதியை வகுத்துவிட முடியாது. வேர்மொன்ட் மக்களே தீவுப் பாதையைப் போகவிட்டனர். எதனைக் காப்பது, எதனை விடுவது என்று ஆய்ந்து தெளிதலே அறிவுடைமை. ஆனால், அவ்வாராய்ச்சி கம்பனியின் கணக்கறையில் மட்டும் நடைபெறலாகாது. பாதையோரத்து ஊர்களும் அதிற் பங்குகொள்ளல் வேண்டும். தம் ஊரையும் ஊரவையையும் பெரிதாக மதித்த ஒரு மக்களினம், இயந்திரங்களும் நிருவாகமும் கைவிட்ட பின்னரும், பாறை வெட்டிய அயர்லாந்துத் தொழிலாளரின் உழைப்பை வீணாகவிடாமற் காத்துக்கொண்டது. ரட்லண்ட் என்னும் சிறு பாதையின் பெருமை அதிலேயே அடங்கியுள்ளது.